ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர் ஹீரோ குழுவின் விண்வெளி நிலையம் 22,300 மைல் உயரத்தில் இருப்பதாகக் காமிக்ஸில் வருகிறதே, அந்த எண்ணுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு. காமிக்ஸில் வரும் எண்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த எண் அதுதான்.

நான் கடலூரில் 2008 முதல் டிஷ் மாட்டும் வேலை செய்கிறேன். 22,300 மைல் என்றால் சுமார் 35,800 கிலோமீட்டர். நம் வீட்டு டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு மேலே அந்த உயரத்தில் ஒரு பொருள் பூமியைச் சுற்றிவர 23 மணி 56 நிமிடம் ஆகும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளவும் அதே நேரம்தான். அதனால் நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும், கீழே இருந்து பார்ப்பவருக்கு அது ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அப்படி நிற்பதால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி நட்டை முறுக்கிவிட்டு இறங்கி வந்துவிட முடிகிறது.

இந்த உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945-ல் எழுதினார். 1964-ல் சின்காம்-3 என்ற செயற்கைக்கோள் உண்மையிலேயே அங்கே போய் நின்றது. ஜஸ்டிஸ் லீக் அதுவரை ஒரு மலைக் குகையில் இருந்தது. குகை இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துபோனதால், 1970 பிப்ரவரி தேதியிட்ட 78-ஆம் இதழில் கதாசிரியர் டென்னி ஓ'நீல் அவர்களை வானத்துக்குக் குடிபெயர்த்தார். சின்காம் போய் ஆறே வருடம். அன்றைக்குப் புத்தம் புதிதாக இருந்த ஒரு அறிவியலைக் கதைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த அக்கறைக்காகவே எனக்கு அந்தக் காலத்துக் கதைகள் மேல் தனி மரியாதை.

லீக்கின் தலைமையிடத்துக்கு வாட்ச்டவர், அதாவது காவல் கோபுரம், என்ற பெயர் பின்னால் வந்தது. 1997-ல் கதாசிரியர் கிராண்ட் மாரிசன் அதை நிலாவில் கட்டினார். படங்கள் அழகாக இருக்கும், ஆனால் எனக்கு அந்த இடம் ஒட்டவில்லை. நிலா உதிக்கிறது, மறைகிறது. பாதி நேரம் நம் ஊருக்கு மறுபக்கம் போய்விடுகிறது. காவல் கோபுரம் என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டாமா? புதுச்சேரி கடற்கரையில் 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். அது நகராது என்று தெரிந்ததால்தானே கடலில் இருந்தவர்கள் அதை நம்பி வந்தார்கள்! 2001-ல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் வாட்ச்டவரைத் திரும்பவும் பூமியின் சுற்றுப்பாதைக்கே கொண்டுவந்தது. அந்த வகையில் எனக்கு நிம்மதி.

சரி, அந்த உயரத்தில் இருந்து என்ன தெரியும்? கதை இடறுகிற இடம் இதுதான். அங்கிருந்து பார்த்தால் ஒரு நேரத்தில் பூமியில் பாதிகூடத் தெரியாது. கிளார்க் மூன்று கேட்டதற்குக் காரணமும் அதுதான். ஒரே நிலையத்தை வைத்துக்கொண்டு லீக் உலகம் முழுவதையும் காப்பது கஷ்டம். அப்புறம், ரேடியோ அலை ஒரு பக்கம் போய்ச் சேரவே நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகும். பேட்மேன் கீழே இருந்து ஒரு கேள்வி கேட்டால், பதில் கால் நொடி தாமதித்தே வரும். மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டிச் சில வாரங்கள் நிலையம் தினமும் பூமியின் நிழலுக்குள் போய்வரும், அதிகபட்சம் 72 நிமிடம். அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் கிடைக்காது, பேட்டரிதான்.

இன்னொரு விஷயம் எனக்கு 'தானே' என்ற புயலின் சமயத்தில்தான் உறைத்தது. 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரை கடந்தது. அந்த நாட்களில் வானிலைக்காக நம் தலைக்கு மேல் நின்றது கல்பனா-1 என்ற செயற்கைக்கோள். 2002-ல் மெட்சாட் என்ற பெயரில் போனது. கல்பனா சாவ்லா இறந்தபின் அவர் பெயரை வைத்தார்கள். அதன் கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் இரண்டு கிலோமீட்டர். தேவனாம்பட்டினத்தில் நான் டிஷ் மாட்டிய அத்தனை வீடும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். புயல் வருவதை அது முன்கூட்டியே பார்த்தது, அதனால் உயிர்கள் தப்பின. ஆனால் எந்த வீட்டில் ஓடு போனது, பண்ருட்டிப் பக்கம் யாருடைய பலா சாய்ந்தது என்று அதற்குத் தெரியாது.

கரண்ட் வந்தபிறகு வீடு வீடாகப் போனேன். ஒரு ஆயா மாடியில் டிஷ் அப்பளம் மாதிரி மடிந்து கிடந்தது, டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி கழன்று ஒயரில் தொங்கியது. "தம்பி, மேல இருக்கறது உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார். "மேல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகல ஆயா, நம்மளுதுதான் போச்சு" என்றேன்.

1984-ல் காமிக்ஸிலும் இந்தத் தூரம் ஒரு பிரச்சினை ஆனது. செவ்வாய்க்காரர்களின் படையெடுப்பில் நிலையம் சேதமடைந்தது. பெரிய வீரர்கள் பலர் சமயத்துக்கு வரவில்லை. அக்வாமேன் குழுவையே கலைத்தார். முழுநேரமும் கூட இருக்கத் தயாரானவர்கள் மட்டும் போதும் என்று சொல்லி, தரையில், டெட்ராய்ட் நகரத்தில் புதுக் குழு அமைத்தார். அந்தக் குழுவைப் பல ரசிகர்களுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். அந்த முடிவை எடுத்தது கடலில் இருந்து வந்த ஆள் என்பதும் பிடிக்கும்.

அந்த நிலையம் நமக்கு நேர் தெற்கே, பூமத்திய ரேகைக்கு மேல் நிஜமாக இருந்தால் எங்கே நிற்கும் என்று பார்க்க ஆசையா? இரவில் கடலூர் சில்வர் பீச்சில் தெற்கு நோக்கி நில்லுங்கள். டிஷ்ஷின் சாய்வை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நம் டிஷ்கள் உண்மையில் பார்க்கும் இடத்தைவிடக் கீழே பார்ப்பதுபோலத்தான் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டி பிடித்து, தலைக்கு நேர் மேலே இருந்து தெற்கே ஒன்றரை முஷ்டி அளவு இறங்குங்கள். அங்கேதான். நட்சத்திரங்கள் அந்த இடத்தைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டே இருக்கும், நிலையம் மட்டும் அப்படியே நிற்கும்.