ஊர் நகரத்துக்குள்ள கரையாம இருக்க வழி உண்டா?

கேள்வி: நகரம் பரவி பரவி பக்கத்து கிராமத்தையெல்லாம் முழுங்கிடுதே, சட்டத்தால தடுக்க முடியுமா சார்?

பதில்: முடியும்ங்க, செஞ்சே காட்டியிருக்காங்க. அமெரிக்காவுல ஓரிகான் மாநிலம் 1973ல ஒரு சட்டம் போட்டுச்சு, ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுத்தி ஒரு எல்லைக்கோடு போட்டுக்கணும், புது வீடு கடையெல்லாம் பெரும்பாலும் உள்ளதான், வெளிய விவசாயமும் காடும்னு. இங்கிலாந்தோட கிரீன் பெல்ட்டும், அதாவது நகரத்தைச் சுத்தி பெரும்பாலும் கட்டடம் கட்ட விடாம வச்சிருக்கற நிலமும், இந்த மாதிரிதான், பக்கத்து பக்கத்து ஊர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடக் கூடாதுங்கறது அதோட நோக்கத்துல ஒண்ணு.

கேள்வி: அப்போ நிலம் வச்சிருக்கற விவசாயிக்கு நஷ்டம்தானே?

பதில்: ரொம்ப நியாயமான கேள்வி, நிறைய பிளான் இங்கதான் உடையுது. அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலத்துல மான்ட்கோமரி கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 1980ல 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான்னு கட்டுப்பாடு வந்துச்சு, ஆனா 5 ஏக்கருக்கு ஒண்ணுங்கற கணக்குல கட்டுற உரிமையை மட்டும் தனியா வித்துக்கலாம், பில்டர் அதை வாங்கி வேற இடத்துல கூடுதலா கட்டிக்குவார், விவசாயி கைக்கு காசும் வரும் நிலமும் நிலமாவே இருக்கும். எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச வழி. ஆனா ஒண்ணு, நகரத்துக்குள்ள நெருக்கமா கட்ட அனுமதி குடுக்காம வெளிய மட்டும் கோடு போட்டா வாடகை ஏறி ஏழை ஜனங்கதான் கஷ்டப்படுவாங்க, ரெண்டையும் சேர்த்தே செய்யணும்.