பைன் காட்டில் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: மாதம் ஒருமுறை கொடைக்கானல் மலையில் பைன் காட்டுப் பாதையில் நடக்கிறோம். பாதையோரச் செடிகளின் மாற்றத்தைப் பதிவு செய்யலாம் என்று படமெடுத்ததில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட முடியவில்லையே?
– நடைக்குழுவினர், திருநகர், மதுரை

பதில்: ஒவ்வொரு முறையும் பூ கண்ட இடத்தில் நின்று எடுத்திருப்பீர்கள். கண்காணிப்புக்குப் பூ இருக்கிறதோ இல்லையோ, நிற்கிற இடம் மாறக் கூடாது.

முதலில் வனத்துறை அனுமதி. பிறகு ஒரு கிலோமீட்டருக்கு ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள், போதும். இருபது என்று தொடங்கினால் மூன்றாம் மாதமே சலித்துவிடும். பாறை, சிறுபாலம், பாதைத் திருப்பம் போல நகராத ஒன்றை அடையாளமாக வையுங்கள். பைன் மரம் வேண்டாம். காற்றில் சாயும், வெட்டவும் படும். பெயின்ட், நாடா எதுவும் கட்டாதீர்கள்.

அடர்ந்த மரங்களுக்கு அடியில் செல்போன் ஜிபிஎஸ் பத்து மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். அது இடத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விட மட்டும்தான். சரியான இடத்தில் நிற்க, முதல் மாதப் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்து, பாறை விளிம்பும் பின்னாலிருக்கும் மலைமுகடும் அதே இடத்தில் விழும்வரை நகருங்கள். ஒன்றரை மீட்டர் மூங்கில் கழி ஒன்று இருந்தால் உயரமும் மாறாது. திசையை டிகிரியில் எழுதுங்கள். காந்தம் வைத்த போன் உறை திசைகாட்டியைக் குழப்பிவிடும், கழற்றிவிடுங்கள்.

போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, 1x லென்ஸில் மட்டும் எடுங்கள். ஜூம் வேண்டாம். அகலக் கோண லென்ஸ் ஓரத்துச் செடிகளை இழுத்துக் காட்டும். வெயில் நாளில் பைன் நிழலுக்குள் விழும் ஒளித்திட்டுகள் இலையை வெளுத்துவிடும். மெல்லிய மேகம் மூடிய காலைப்பொழுது நல்லது; மதியத்துக்கு மேல் மூடுபனி வந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

கொடைக்கானல் பைன் காடு நட்டு வளர்த்த காடு. அங்கே பெரும்பாலும் காணும் பைனஸ் பட்டுலா மெக்சிகோவிலிருந்து வந்தது. மூன்று மூன்றாகத் தொங்கும் ஊசியிலைதான் அதன் அடையாளம். உதிர்ந்த ஊசியிலை மெத்தைபோல மூடுவதால் அடியில் செடி குறைவு. ஆகவே வெறும் தரைப் படத்தையும் அழித்துவிடாதீர்கள், அதுவும் பதிவுதான். மரம் விழுந்து வெளிச்சம் வரும் இடத்தில் சோலை (மலையின் இயற்கைக் காடு) மரக் கன்று முளைக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் உண்ணிச்செடியும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் முந்திக்கொள்கின்றனவா என்பதுதான் ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டியது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. குழுப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடக்குறிப்பும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கேள்வி: ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டும் செடியின் பெயர் கிடைக்கவில்லை. ஏன்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: ஒரே படம், அதுவும் பூவை மட்டும் போட்டிருந்தால் கிடைக்காது. முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை தண்டில் எதிரெதிரே இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா என்பது, பூ முன்னாலும் பக்கவாட்டிலும் – இத்தனையும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். பெரணி என்றால் இலையடியில் உள்ள வித்துப் புள்ளிகள்தான் முக்கியம். அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில். பறிக்க வேண்டாம். அரிய ஆர்க்கிட் என்றால் இடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். திருடுபவர்களும் செயலி பார்க்கிறார்கள்.

கேள்வி: நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்து 2030-தானே, அதுவரை எதைப் படமெடுப்பது?
– வாசகர், மேலூர்

பதில்: பூத்துக் காய்த்த செடி பட்டுப்போகும். இப்போது நிற்பவை அந்த விதையில் முளைத்தவை. ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், பக்கத்தில் அளவுக்கழி நட்டு உயரத்தைப் படமெடுங்கள். புதர் விலகி நடுவே புல்லோ வாட்டிலோ நுழைந்தால் அதையும் சேர்த்து.