அடுப்படிக் கேள்விகள்

கேள்வி: அண்ணே, வயது 22, சமையல் டிப்ளோமா முடித்திருக்கிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பெரிய ஹோட்டலில் கூப்பிடுகிறார்கள். பிறையில் தொழிற்சாலை கேண்டீன்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சென்ட்ரல் கிச்சனிலும் கூப்பிடுகிறார்கள். அங்கே சம்பளம் 300 வெள்ளி கூட. "கேண்டீன்காரனா ஆகப் போறியா?" என்கிறார் அப்பா. அமெரிக்காவில் பேர் எடுத்த பிரெஞ்சு செஃப் ஜாக் பெப்பான் மாதிரி வரவேண்டும் என்பது என் ஆசை. எதில் சேரட்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பெப்பான் பேரைச் சொல்லிக்கொண்டே இதைக் கேட்கிறீர்களே, தம்பி! அவரும் இதே இடத்தில் நின்றவர்தான். 1959-இல் நியூயார்க் போனார். கென்னடி காலத்தில் வெள்ளை மாளிகைச் சமையலறைக்கு அழைப்பு வந்தது. வேண்டாம் என்றுவிட்டு, நெடுஞ்சாலையெங்கும் கிளை வைத்திருந்த ஹோவர்ட் ஜான்சன்ஸ் உணவகத்தின் பொதுச் சமையற்கூடத்துக்குப் போனார். சுமார் பத்து வருஷம். மார்ஜரினை எடுத்துவிட்டு வெண்ணெய், உலர்ந்த வெங்காயத்தை எடுத்துவிட்டு புது வெங்காயம் என்று மாற்றி, அதே ருசியை அண்டா அண்டாவாக இறக்கக் கற்றார். பிறகு 1970-இல் நியூயார்க்கில் அவர் திறந்த சூப் கடைக்கு அந்த அண்டாக் கணக்குதான் மூலதனம்.

லேசான வித்தை இல்லை அது. கிள்ளானில் ஒரு கல்யாணம், 800 பேருக்குத் தால்சா. பத்துப் பேர் கணக்கை அப்படியே எண்பதால் பெருக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டேன். சின்னச் சட்டியில் சுண்டுகிற வேகத்தில் அண்டாவில் சுண்டுமா? குழம்பு எண்பது மடங்கு, அண்டாவின் வாய் எண்பது மடங்கு இல்லையே! பந்திக்கு அரை மணி நேரம் இருக்க, கத்தரிக்காய் கரைந்துபோய் எலும்பு மட்டும் மிதக்கிறது. பக்கத்து அடுப்பில் பருப்பை வேகவைத்து மசித்து மசித்துக் கொட்டினோம். நான் வேலை பார்த்த எந்த ஹோட்டலிலும் இதைச் சொல்லித் தரவில்லை. கேண்டீன்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனாலும் முதலில் ஹோட்டலுக்கே போங்கள். பெப்பான் 13 வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர். வெள்ளை மாளிகையை மறுத்தபோது பத்து வருஷம் கத்தி பிடித்த கை, பிரான்ஸின் தலைவர் டிகாலுக்கே சமைத்த கை. 1974-இல் கார் விபத்தில் எலும்புகள் நொறுங்கி, அடுப்பு முன்னால் நெடுநேரம் நிற்க முடியாமல் போன பிறகும், அந்தக் கைவேலையைக் கற்றுக்கொடுத்துத்தான் பேர் எடுத்தார். உங்களுக்கு அது இன்னும் படியவில்லை. இரண்டு வருஷம் வெட்டுங்கள், சாறு இறக்குங்கள், திட்டு வாங்குங்கள். பிறை எங்கேயும் ஓடிவிடாது.

நேர்காணலில் ஒன்று மட்டும் கேளுங்கள்: முதல் ஆறு மாதம் எந்தப் பிரிவு? "காலை பஃபேயில் முட்டை போடணும்" என்றால், மோட்டாரை அப்படியே பிறைக்குத் திருப்புங்கள்.