மதிப்பெண் 62, தெரிந்த இலக்கணம் எவ்வளவு?

உங்கள் மகள் தமிழ்வழியில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறார். வங்கி எழுத்தர் தேர்வுக்கும் தயாராகிறார். ஆங்கில இலக்கணப் பயிற்சித் தேர்வுகளில் 60, 62, 65 என்றே வருகிறது, மூன்று மாதமாக அதைத் தாண்டவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்த 62-ஐக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம்.

60 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொண்ட தேர்வு என்று வையுங்கள். ஒருவருக்கு 30 கேள்விக்குத்தான் உண்மையில் விடை தெரியும். மீதி 30-ஐக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஏழெட்டு சரியாக விழும். மொத்தம் 37 அல்லது 38, அதாவது 62 சதவீதம். தெரிந்ததோ பாதிதான். 'மூன்றில் இரண்டு பங்கு தெரியும்' என்று நம்பிக்கொண்டு தெரியாத பாதியைத் தொடாமலே இருந்தால் மதிப்பெண் எப்படி நகரும்?

முதல் வேலை, தேர்வு எழுதும் முறையை மாற்றுவது. 60 கேள்விகளை 12 தலைப்புகளில் தலைப்புக்கு ஐந்தாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டென்ஸ் (காலம்), கான்கார்ட் (எழுவாயும் வினையும் ஒருமை பன்மையில் ஒத்துப்போவது), ஆர்ட்டிகிள் ('எ', 'ஆன்', 'தி'), ப்ரிபொசிஷன் ('இன்', 'டு' போன்ற சொற்கள்), ஒருமை பன்மை, பிரதிப்பெயர், ஆக்டிவ் பேசிவ் (செய்வினை, செயப்பாட்டுவினை), ரிப்போர்ட்டட் ஸ்பீச் (ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்வது), இஃப் வாக்கியங்கள், கன்ஜங்ஷன் (இணைப்புச்சொல்), ஒப்பீடு, கேள்வி வாக்கிய அமைப்பு. நேரம் 40 நிமிடம். விடையைக் குறிக்கும்போதே பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும்: உறுதியாகத் தெரிந்தால் 'உ', ஊகம் என்றால் 'ஊ'. திருத்தியதும் நான்கு குவியல்கள் கிடைக்கும். உறுதியாக இருந்து சரி, ஊகித்துச் சரி, ஊகித்துத் தவறு, உறுதியாக இருந்தும் தவறு.

கடைசிக் குவியல்தான் ஆபத்தானது. ஊகித்துத் தவறியவர் விதியைப் படித்தால் திருந்திவிடுவார். உறுதியாகத் தவறியவருக்குத் தன்னிடம் தவறான விதி ஒன்று குடியிருப்பதே தெரியாது. எனவே படிப்பை அங்கிருந்து தொடங்க வேண்டும். 'ஊகித்துச் சரி' என்பதும் சரி ஆகாது, அதையும் தெரியாத கணக்கிலேயே சேருங்கள்.

சரியான விடையைப் பார்த்து அடையாளம் காண்பது ஒரு திறமை, அதைத் தானே எழுதுவது வேறு திறமை. அதனால் மறுநாள் இரண்டாவது சோதனை: 'நேற்று நான் செய்த வேலைகள்', 'எங்கள் தெருவில் உள்ள கடை' போல ஏதாவது ஒன்றைப் பற்றிக் கையால் 150 சொற்கள் எழுத வேண்டும். அகராதியும் கைப்பேசியும் கூடாது. கைப்பேசியில் எழுதினால் ஆட்டோ கரெக்ட் அவருக்குப் பதிலாகத் தேர்வு எழுதிவிடும். எழுதியதை இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுப் பிறகு மூன்று முறை படிக்கட்டும். முதல் முறை வினைச்சொற்களை மட்டும் பார்க்க வேண்டும், இரண்டாம் முறை பெயர்ச்சொற்களையும் அவற்றின் முன்னால் நிற்கும் 'எ', 'ஆன்', 'தி' ஆகியவற்றையும், மூன்றாம் முறை ப்ரிபொசிஷன்களை. எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் திருத்த முயன்றால் ஸ்பெல்லிங் பிழை மட்டுமே கண்ணில் படும்.

இனி பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். தமிழ்வழி மாணவர்களின் பிழைகளில் பெரும்பகுதி கவனக்குறைவு அல்ல, தமிழ் இலக்கணம் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வருவது. 'போன வருஷம் மதுரைக்குப் போயிருக்கிறேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'ஐ ஹேவ் கான் டு மதுரை லாஸ்ட் இயர்' என்று எழுதினால் தவறு. முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் இருந்தால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' வராது. யெஸ்டர்டே, லாஸ்ட், அகோ, 2019 போன்ற ஆண்டு ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டதும் 'வென்ட்' போன்ற இறந்தகால வினையைப் போட வேண்டும். வாக்கியத்தில் முதலில் தேட வேண்டியது வினையை அல்ல, காலச்சொல்லை.

'பேங்க் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா?' இதில் உள்ளே இருக்கும் கேள்வி குலையாமல் அப்படியே நிற்கிறது, 'என்று' வந்து அதைக் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் 'கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி பேங்க்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ளே போன கேள்வி சாதாரண வாக்கியமாகிவிடும்: 'வேர் தி பேங்க் இஸ்'. 'வருவேன் என்று சொன்னான்' என்பதிலும் இதே 'என்று'தான் மாட்டிவிடுகிறது. 'ஹி செட் தட் ஹி வில் கம்' என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும், அங்கே 'உட்' வேண்டும்.

ப்ரிபொசிஷனில் வேற்றுமை உருபுகள் வழி தவறவிடும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்', 'அறைக்குள் நுழைந்தான்' என்பதால் 'என்டர்ட் இன்டு தி ரூம்', 'சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதால் 'ரீச்ட் டு சென்னை'. மூன்றிலும் வினைக்குப் பிறகு ப்ரிபொசிஷன் எதுவும் வரக்கூடாது. இதற்கு விதி தேடிப் பயனில்லை. வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

தமிழ் எப்போதும் எதிரி என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அது கைகொடுக்கும், பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. கான்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'மேலாளரும் ஊழியர்களும் வந்தார்கள்' என்றால் பன்மை. 'ஊழியர்களுடன் மேலாளர் வந்தார்' என்றால் ஒருமை. 'ஆண்ட்' என்பது நம் 'உம்', 'அலாங் வித்', 'டுகெதர் வித்' என்பவை நம் 'உடன்'. 'தி மேனேஜர், அலாங் வித் தி கிளார்க்ஸ், வாஸ் ப்ரசென்ட்' என்பதில் ஏன் 'வாஸ்' என்று தயங்குபவர் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' பிழையும் இப்படித்தான். 'என் நண்பர்களில் ஒருவர்' என்கிறோம், 'நண்பரில் ஒருவர்' என்பதில்லை. ஆக 'ஃப்ரெண்ட்ஸ்'.

'எ'யா 'ஆன்' ஆ என்ற குழப்பத்துக்குத் தமிழ் எழுத்தே அளவுகோல். ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிர் என்றால் 'ஆன்', உயிர்மெய் என்றால் 'எ'. 'அவர்' (மணி நேரம்), 'ஆனஸ்ட்' (நேர்மையான), எம்.எல்.ஏ. மூன்றும் உயிரில் தொடங்குவதால் 'ஆன்'. யுனிவர்சிட்டி, யூரோப்பியன், வன் ருப்பீ நோட் மூன்றுக்கும் 'எ'. ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பார்த்தால்தான் ஏமாறுவோம். உச்சரிப்பு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'ஹானஸ்ட்' என்று பழகியவருக்கு இந்த உத்தியே தவறான விடையைத் தரும்.

'தி' எப்போது வரும் என்பது இன்னும் கடினம். அஃறிணைச் செயப்படுபொருளில் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம், 'எ புக்'. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நம் இருவருக்கும் தெரிந்த புத்தகம், 'தி புக்'. அந்த 'ஐ' உருபு பல நேரம் 'தி'யின் வேலையைச் செய்கிறது. ஆட்களைக் குறிக்கும்போது 'ஐ' எப்போதும் வந்துவிடுவதால் அங்கே இதை நம்பக்கூடாது.

ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், அட்வைஸ் ஆகியவற்றோடு 'எஸ்' சேர்ப்பது, 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'டிட் நாட் வென்ட்' ஆகிய பிழைகளும், 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்' என்ற விதிகளும் பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்யும் வகை. ஒரு வாரத்தில் முடியும்.

தலைப்புகளை வாரத்துக்கு இரண்டாகப் பிரித்தால் ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் டென்ஸ், கான்கார்ட், ஆர்ட்டிகிள், ப்ரிபொசிஷன். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எனப்படும், பெயர், வினை போன்ற சொல்வகைகளின் வரையறைகளிலிருந்து தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கும் தடித்த புத்தகங்களில் முதல் 40 பக்கம் மட்டும் அழுக்காகி மீதி புதிதாகவே இருக்கும். 8 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான அரசு ஆங்கிலப் பாடநூல்களின் இலக்கணப் பகுதிகள் அடித்தளத்துக்குப் போதும்.

பிழை நோட்டு ஒன்று கட்டாயம். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தவறாக எழுதிய வாக்கியம், சரியான வாக்கியம், காரணம் ஒரே வரியில் தமிழில், தானே அமைத்த புதிய வாக்கியம் ஒன்று. மூன்றாவது பத்தியை நிரப்ப முடியவில்லை என்றால் விதி இன்னும் புரியவில்லை என்று பொருள். நோட்டில் ஏறிய ஒவ்வொரு பிழையையும் 3, 10, 30 நாள் கழித்து, சரியான வாக்கியத்தை மறைத்துக்கொண்டு மறுபடி திருத்திப் பார்க்க வேண்டும். அதே கேள்வித்தாளை மறுநாளே எழுதினால் விடையின் இடம்தான் நினைவில் நிற்கும்.

விடைக்குறிப்பிலும் தவறு இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைப் பார்க்கட்டும். அதில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணக்கூடியதா இல்லையா என்ற குறியும், வினை எந்தச் சொல்லோடு சேரும் என்ற எடுத்துக்காட்டும் இருக்கும். 'தி டீம் இஸ்', 'தி டீம் ஆர்' போல அமெரிக்க, பிரிட்டிஷ் வழக்குகள் மாறுபடும் இடங்களில் வாதாட வேண்டாம். அந்தத் தேர்வின் முந்தைய ஆண்டு விடை எப்படி இருந்ததோ அதையே பின்பற்றலாம்.

இப்போது உங்கள் கேள்வி. ஸ்போக்கன் வகுப்பு கூச்சத்தைப் போக்கும், நேர்முகத் தேர்வு உள்ள வேலைகளுக்கு உதவும். ஆனால் நன்றாகப் பேசுபவர்கள்கூட 'டிஸ்கஸ் அபவுட்' என்று சரளமாகச் சொல்வார்கள். அதனால் எழுத்தர் தேர்வுக்கு அந்த வகுப்பு இப்போது அவசரமில்லை. வீட்டில் அவர் பேசும் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் நிறுத்தித் திருத்துவதையும் தவிர்த்துவிடுங்கள், பேசுவதே நின்றுபோகும். உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பிழை நோட்டை வாங்கி மூன்றாவது பத்தியை மட்டும் படியுங்கள். அந்தத் தமிழ் வரி உங்களுக்குப் புரிந்தால் அவருக்கும் புரிந்திருக்கிறது.

வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம். கேள்விக்கு 40 விநாடி. பத்தி வாசிப்பு (ஒரு பத்தியைப் படித்து அதன் கேள்விகளுக்கு விடை தருவது) கூடுதல் நேரம் கேட்பதால் இலக்கணக் கேள்வியை 25 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். ஐந்து விடைகள் உண்டு, தவறுக்குக் கால் மதிப்பெண் குறையும். ஐந்தையும் சமமாகச் சந்தேகித்துக் குறித்தால் சராசரியில் லாபமுமில்லை நட்டமுமில்லை. இரண்டை உறுதியாக ஒதுக்க முடிந்தால் மட்டும் குறிக்கலாம், அதற்கும் 'உ', 'ஊ' பழக்கம் உதவும். 60 கேள்வியில் 'உறுதியாக இருந்தும் தவறு' மூன்றுக்குக் கீழே இறங்கியதும் இலக்கணத்தை வாரம் ஒரு நாளாகக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்தைப் பத்தி வாசிப்புக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.