கோடையில் உதிரும் பூ, மழையில் மஞ்சளாகும் இலை

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிச் செடிகள் செழித்து வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. ஆனால் கோடை முற்றியதிலிருந்து ஒரு பூகூடப் பிஞ்சாக மாறவில்லை. எல்லாம் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன. இரண்டு முறை உரமிட்டும் பயனில்லை. இது சத்துக் குறைவா, நோயா?

பதில்: செடி செழிப்பாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், இரண்டும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை, பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். பகலில் வெப்பநிலை ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நாள்கணக்கில் நீடித்தால், தக்காளியின் மகரந்தம் உயிர்ப்பை இழக்கிறது. கருவுறாத பூவைச் செடி தானே உதிர்த்துவிடுகிறது. உச்சி வெயிலுக்கு மட்டும் அஞ்சுகிற நாம் இரவின் புழுக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்ட சுவரும் தளமும் இரவு முழுவதும் அதை வெளியிடுவதால், அவற்றை ஒட்டி வைத்த தொட்டிகளை நகர்த்தி வைப்பதே நல்ல பலன் தரும்.

உரமிடுவதை உடனே நிறுத்துங்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். தழைச்சத்து மிகுந்தால் செடி மேலும் இலைகளையே வளர்க்கும்; அத்துடன், காய்ந்து சூடேறிய மண்ணில் உரத்தின் உப்புகள் செறிந்து வேர்களைக் கருக்கிவிடும். அதற்கு மாறாக, காலையில் தண்ணீர் ஊற்றி, மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பி, நண்பகல் முதல் பிற்பகல் வரை நிழல்வலை கட்டினால் போதும். நாள் முழுவதும் நிழலில் வைத்துவிடாதீர்கள். தக்காளிக்கு ஆறு மணி நேர வெயிலாவது தேவை. ஒரு நாள் வாடவிட்டு மறுநாள் தொட்டி நிரம்ப ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஈரம் ஏறி இறங்கும்போது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து சரிவரப் போய்ச் சேராமல், பின்னாளில் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகரந்தம் உருவாகும் பருவம் பூ விரிவதற்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. எனவே வெயில் தணிந்த மறுநாளே பிஞ்சு பிடிக்காது. அதற்குள் மனம் தளர்ந்து செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: தொடர்மழைக்குப் பிறகு கத்தரிச் செடிகளின் அடி இலைகள் மட்டும் மஞ்சளாகின்றன. என்ன உரம் இடலாம்?

பதில்: முதலில் விரலை மண்ணுக்குள் செலுத்திப் பாருங்கள். மண் சேறாக இருந்து, ஈரம் இருந்தும் செடி வாடினால், வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். தொட்டியின் அடித்துளையை அடைப்பு நீக்கி, செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். மண்ணில் நீர் தேங்காமல், அடி இலைகள் மட்டும் ஒரே சீராக வெளுத்தால், மழைநீர் தழைச்சத்தை அரித்துச் சென்றிருக்கும். இருக்கிற சிறிதளவையும் செடி பழைய இலைகளிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்புவதால்தான் அடியிலிருந்து மஞ்சளாகிறது. மழை ஓய்ந்து மண் சற்று உலர்ந்தபின், மக்கிய தொழுவுரத்தை ஒரு கைப்பிடி இட்டுக் கிளறிவிடுங்கள். மஞ்சளான இலைகள் மீண்டும் பச்சையாகமாட்டா. புதிதாக வரும் தளிரின் நிறத்தைப் பார்த்தே செடி தேறுகிறதா என்று முடிவு செய்யுங்கள்.