அவரைக் கொடியில் அசுவினி

கேள்வி: எங்கள் மாடித் தோட்டத்து அவரையில் கொழுந்தும் பிஞ்சும் தெரியாதபடி கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. போன வாரம் நாலைந்துதான் இருந்தன. எறும்புகள் கொண்டுவந்து விடுகின்றனவா? மருந்து அடிக்கலாமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அந்த நாலைந்தே போதும் அம்மா. நம் ஊர் வெப்பத்தில் அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை. முட்டையிடாமல் நேரே குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக் கரு வளர ஆரம்பித்திருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அதுவும் தாயாகிவிடும். ஜெனீவாவில் சார்ல் போனே என்ற இருபது வயது இளைஞர், 1740-இல், பிறந்த குட்டி ஒன்றைத் தனியே அடைத்து வைத்து, ஆண் வாடையே இல்லாமல் அது ஈன்றதைக் கண்டு எழுதினார்.

விலங்கியல் பாடம் எடுத்த காலத்தில் மாணவர்களுக்கு நான் காட்ட விரும்பியது இந்தப் பிரசவத்தைத்தான். கைலென்ஸ் வைத்து ஒரு கொழுந்தைப் பொறுமையாகப் பாருங்கள். குட்டி பின்பக்கமாக வெளியே வரும். கால்களை உதறி ஊன்றிக்கொண்டதும் தாயின் பக்கத்திலேயே உறிஞ்ச உட்கார்ந்துவிடும்.

செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், அவசியமான அமினோ அமிலங்களோ சொற்பம். அந்தக் குறையை அசுவினியின் உடம்புக்குள் வாழும் புக்னெரா என்ற பாக்டீரியா ஈடுகட்டுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு அது தொடர்ந்து போகிறது. எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது. மிஞ்சிய சர்க்கரை பிசுபிசுப்பாக வழிகிறது. எறும்பு வந்தது அதற்காக. நெரிசல் கூடினால் இறக்கையுள்ள பெண்கள் பிறந்து அடுத்த செடிக்குப் பறக்கும். உங்கள் கொடிக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

மருந்தை இப்போதே எடுக்காதீர்கள். கூட்டத்தில் உப்பிப்போய், பழுப்பு நிறத்தில், அசையாமல் சில இருக்கின்றனவா? அவற்றுக்குள் அசுவினியைத் தின்று குளவிப் புழு வளர்கிறது. முதுகில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. முதலை மாதிரி முதுகு சொரசொரத்த, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த புழு ஊர்ந்தால் அது அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள், மனசு பதறுகிறது. பொறிவண்டை எறும்பு விரட்டும். அதனால் பந்தல் காலில் எறும்பு ஏறாமல் தடுங்கள். அசுவினி மட்டுமே அப்பியிருக்கும் நுனிகளைக் கிள்ளிப் போடுங்கள். மற்ற இடங்களில் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். விழுந்தவற்றில் பெரும்பாலானவை மேலே ஏறி வராது.