பாட்டில் வரும் 'நான்' யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற ஆங்கிலப் பாட்டை அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பாடித்தான் பல வருடங்களாகக் கேட்டிருக்கிறேன். அது பழைய நாட்டுப்புறப் பாட்டு என்று தெரிந்ததும் மற்ற பதிவுகளையும் தேடிக் கேட்டேன். 1933இல் கிளாரன்ஸ் ஆஷ்லி பாடியது ஏமாற்றமாக இருந்தது. அதில் சோகமே இல்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோ ஒரு பெண்ணாக நின்று பாடுகிறார். இவற்றில் எது அசல்? மற்றவை அதன் சிதைவுகளா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

ஆஷ்லியை இன்னொரு முறை கேளுங்கள். அவர் மேஜரில், அதாவது கேட்க வெளிச்சமாக இருக்கும் சுர வரிசையில் பாடுகிறார். அனிமல்ஸ் பாடும் சோகமான மைனருக்கு நம் காது பழகிவிட்டதால் அது சோகமில்லாததாகப் படுகிறது. கெட்டுப்போன கதையை ஊரறிந்த செய்திபோல, குரல் உடையாமல் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு அதுதான் வலிக்கிறது.

'அசல்' என்ற சொல்லை இந்தப் பாட்டிடம் கொண்டுபோனால் கையில் எதுவும் நிற்காது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு ஆஷ்லியுடையது. பாட்டின் தலைப்பில் வரும் 'ரைசிங் சன்' என்பது நியூ ஆர்லியன்ஸில், போனவர்களைக் கெடுக்கும் ஒரு வீடு. ஆஷ்லியின் பாட்டில் அங்கே அழிந்துபோகிறவர்கள் பையன்கள். நான்கே வருடம் கழித்து, 1937இல், நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மிடில்ஸ்பரோவில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திறங்குகிறார். ஜார்ஜியா டர்னர் என்ற பதினாறு வயதுப் பெண், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், அவருக்குப் பாடிக் காட்டுகிறாள். அவள் பாட்டில் அழிகிறவள் பெண். இரண்டில் எது முந்தியது? இரண்டும் யாரோ பாடக் கேட்டு வந்தவைதானே.

ஆகவே நான் பதிவுகளை ஒப்பிடும்போது கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பாட்டில் வரும் 'நான்' யார்? டிலன் 1962இல் வெளியான தன் முதல் தொகுப்பில் இதைப் பாடியபோது அவருக்கு இருபது வயது. பெண்ணின் வரிகளை அப்படியே வைத்துக்கொண்டார். காதலன் ஒரு சூதாடி; தங்கையிடம் போய்ச் சொல்லுங்கள், நான் செய்ததை அவள் செய்ய வேண்டாம் என்று. 1964இல் அனிமல்ஸின் பாடகர் எரிக் பர்டன் பாடும்போது, சூதாடுகிறவர் காதலன் இல்லை, அப்பா. எச்சரிக்கையும் தங்கைக்கு இல்லை. தாய்மாரே, உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று ஊருக்கே போகிறது.

மாறியது சில சொற்கள்தான். ஆனால் காதலனை நம்பி மோசம் போனவளின் கதை, அப்பன் வழியில் கெட்டுப்போன மகனின் கதையாகிவிட்டது. தங்கை இருக்கும்வரை, வீட்டில் இன்னொரு பெண் இதே வாசலை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்ற பயம் பாட்டுக்குள் இருக்கிறது. அவளை எடுத்ததும் அந்தப் பயமும் போய்விடுகிறது. அனிமல்ஸின் பதிவில் நான் இழந்ததாக நினைப்பது இதை மட்டும்தான்.

மற்றபடி அது பெரிய சாதனை. ஹில்டன் வாலன்டைனின் கிட்டார் ஒவ்வொரு சுரமாக உதிர்ந்துகொண்டே வர, ஆலன் பிரைஸின் ஆர்கன் மெல்ல ஏறி மூடுகிறது. ஒரே டேக்கில், நிறுத்தாமல் ஒரே தடவை வாசித்துப் பதிவானது. நான்கு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு அன்றைய இசைத்தட்டு வழக்கத்துக்கு அதிகம். இருந்தும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது.

சிதைவு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. டிலன் பாடிய கிட்டார் அமைப்பு, நியூயார்க் நாட்டுப்புறப் பாடகர் டேவ் வான் ராங்க் உருவாக்கியது. படியிறங்குவதுபோல் கீழே வரும் அந்த பேஸ் (தாழ்ந்த) சுரங்கள் அவருடையவை. தானே அதைப் பதிவுசெய்ய நினைத்திருந்தார். டிலன் அனுமதி கேட்டு வந்தபோது பதிவு முடிந்தேவிட்டிருந்தது. பிறகு வான் ராங்க் மேடையில் இதைப் பாடினால் டிலனைக் காப்பியடிக்கிறார் என்றார்களாம். அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். அனிமல்ஸ் பாட்டு பிரபலமானதும் டிலனுக்கும் அதே பேச்சு, அவரும் நிறுத்தினார். அனிமல்ஸின் இசைத்தட்டில், பழைய பாட்டுக்குப் புதிய வடிவம் கொடுத்ததாக ஆலன் பிரைஸ் ஒருவர் பெயர் மட்டும் அச்சானது; குழுவின் மற்ற நால்வருக்கும் அது ஆறாத புண்ணாக இருந்தது. ஊர்ச்சொத்தான பாட்டை யாரும் எப்படியும் பாடலாம். ஆனால் அதற்குப் புதிதாக ஒரு வழி போட்டவரின் பெயரைச் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்கப் பாடகி நினா சிமோன் பாடியதை உங்கள் கடிதத்தில் காணோம். அதையும் கேளுங்கள். அதற்கு முன் ஜார்ஜியா டர்னரின் பதிவைக் கேட்டுவிடுங்கள். தங்கை வரும் அடியில் நிறுத்தி, உடனே அனிமல்ஸில் அதே இடத்தைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்